பருத்தி விளைந்த காட்டில் என்ன உடுத்தினார்கள்?

(கரிசல் வட்டார உடைகள் குறித்துக் கோவில்பட்டியில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைக் கோவில்பட்டியில் வைத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அவர் பிறந்த இடைசெவல் பக்கத்து ஊர். கதை தெரியாதவர்கள் இந்த அரங்கில் குறைவு. ஆனாலும் அதை ஒரு துணிமணிக் கணக்காக வாசித்துப் பார்க்கலாம். பணக்கார வீட்டுப் பையனிடம் சில்க் சட்டை இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு எளிய புதுத்துணி வந்திருக்கிறது. அப்பாவுக்கென்று ஒரு துண்டு. எங்கிருந்தோ வந்து நிற்கிற அநாதைப் பையன் ராஜாவின் உடம்பில் உடையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஏழைப் பிள்ளைகளின் தாய் தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டி, அந்தத் துண்டை எடுத்து உடுத்திவிடுகிறாள். கதையில் வருகிற துணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ண முடிவதுதான் கதையின் பலம்.

கரிசல் காட்டு உடையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் இல்லை. உடை என்றதும் பட்டும் சரிகையும் நினைவுக்கு வருகிற நூல்கள் நிறைய உண்டு. காஞ்சிபுரத்துக்கும் கூறைநாட்டுக்கும் அது பொருந்தும். வானம் பார்த்த பூமியில் உடை என்பது எத்தனை உருப்படி, எத்தனை முழம், எத்தனை வருஷம் தாங்கும் என்ற கணக்கு.

ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் தொலைவு போகலாம். ஐரோப்பாவின் கிழக்கே ருமேனியாவில் பெண்கள் உடுத்தும் வெள்ளை மேற்சட்டை ஒன்று உண்டு. அதன் பெயர் 'இயெ'. தோள்பட்டையில் நெருக்கமான பூவேலைப் பட்டை ஒன்று. அதற்குக் கீழே ஒரே நிறத்தில் ஒரு வரிசை. அதற்கும் கீழே கை நெடுக ஆறுபோல் சரிந்து இறங்கும் கோடுகள். இந்தத் தோள்பட்டைப் பூவேலைக் கலையை ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் பொதுவான மரபாக யுனெஸ்கோ 2022இல் தன் பட்டியலில் சேர்த்தது. ஓவியர் மத்தீஸ் 1940இல் அந்தச் சட்டையையே தலைப்பாக வைத்து ஓர் ஓவியம் தீட்டினார். வடக்கே மரமுரேஷ் பகுதியில் முன்னும் பின்னும் கட்டும் துணியில் குறுக்குக் கோடுகள் ஓடும். சிபியு பக்கம் கறுப்பும் வெள்ளையும்தான். மேற்கே பனாத்தில் இடுப்புத் துணியிலிருந்து நீளமான குஞ்சங்கள் தொங்கும். பழைய நாளில் சந்தையில் நிற்கிற பெண்ணின் உடையைப் பார்த்தே அவள் எந்தப் பக்கத்தவள் என்று சொல்லிவிடுவார்கள்.

அதே கேள்வியைக் கோவில்பட்டிச் சந்தையில் கேட்டால், "வேட்டி சேலைதான், வேறென்ன?" என்ற பதில் வரும். இங்கே வட்டார உடை என்று தனியாக எதுவும் இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அது சரியல்ல. ருமேனியாவில் ஊர் அடையாளம் தைத்த துணியில் இருந்தது. கரிசலில் அது துணியைக் கட்டுகிற விதத்தில் இருந்தது. தைத்த சட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டி வைக்கலாம். கட்டை அப்படி வைக்க முடியாது. உடுத்தியவர் அவிழ்த்து மடித்துவிட்டால் மிஞ்சுவது நீளமான ஒரு துணி. கரிசல் உடை கண்ணில் படாமல் போனதற்கு இது முதல் காரணம். இன்னொரு காரணம், துணி பெரும்பாலும் இங்கே நெய்யப்படாததும் வெளியிலிருந்து வந்ததும்.

அதை முதலில் பார்க்கலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று விரியும் கரிசல் பரப்பில் ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசிக்கு மேல் எடுக்கிற பயிர் பருத்தி. கருங்கண்ணி என்பது அதில் பெயர்போன நாட்டு ரகம். இழை குட்டை, ஆனால் வறட்சியைத் தாங்கும். இந்தப் பக்கத்துப் பருத்தி திருநெல்வேலிப் பெயரிலேயே லிவர்பூல் சந்தையில் தனி ரகமாக விற்றது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்நாட்டுப் பருத்தி நின்றுபோக, இங்கே விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது கோவில்பட்டி வழியாகப் பொதி பொதியாகப் பஞ்சு துறைமுகம் போனது. 1901இல் இங்கே பருத்தி ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. கோவில்பட்டியின் முதலெழுத்தைத் தாங்கிய 'கே' வரிசை ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

பஞ்சு போன பாதையிலேயே துணி திரும்பி வந்தது. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் லண்டனிலிருந்து 18 தொகுதிகளைத் தயாரித்தார். இந்தியா முழுக்கச் சேகரித்த துணிகளை வெட்டி ஒட்டிய 700 மாதிரிகள் அவற்றில் இருந்தன. எந்தத் துணி எத்தனை கெஜம், கரை எவ்வளவு அகலம், யார் உடுத்துவது என்ற குறிப்புகளும் உண்டு. ரசிப்பதற்காகத் தொகுத்தவை அல்ல அவை. இங்கிலாந்தின் ஆலைக்காரர்கள் பார்த்து, அதேபோல் நெய்து இந்தியாவில் விற்க வேண்டும் என்பதற்காகத் தொகுத்தவை. உடை வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்று அது பொக்கிஷம்; அன்றைய கைத்தறிக்காரனுக்கு அது வேவு.

பிறகு நூற்பு இங்கேயே வந்தது. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையைக் கொண்டு ஆலை வைத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் வைத்தார்கள். ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சி. 1908இல் நடத்திய வேலைநிறுத்தம் அந்தக் கோரல் மில்லில்தான். கோவில்பட்டிக்கும் லாயல் மில், லட்சுமி மில் வந்தன. எட்டயபுரத்தில் பாரதியின் தந்தை சின்னசாமி ஐயரும் பஞ்சாலை வைத்துப் பார்த்தார்; அது நொடித்துப்போய்க் குடும்பமும் நொடித்தது. ஆலைகள் கரிசலுக்குச் சம்பளத்தைக் கொண்டுவந்தன. ஆனால் ஆலையில் தயாரானது நூல். அந்த நூலைச் சேலையாக்கித் தரும் தறிகள் வேறு ஊர்களில் இருந்தன.

அந்த ஊர்களை ஒரு சுற்று சுற்றிவந்தால் வட்டார வேறுபாடு பிடிபடும். கரிசலின் வடக்கு ஓரத்தில் அருப்புக்கோட்டையில் சாலியர், தேவாங்கர் தறிகள்; மேற்கே திருவில்லிபுத்தூரை ஒட்டிச் சுந்தரபாண்டியம். கரிசல் சம்சாரி வீட்டுக்கு அன்றாடம் உடுத்தும் நூல்சேலை பெரும்பாலும் இந்த மாதிரி ஊர்களிலிருந்துதான் வந்தது. இன்னும் வடக்கே போனால் மதுரைச் சுங்குடி. அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் சௌராஷ்டிரர் கைவேலை அது, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது என்பது இங்கே போதும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிக்கு அந்தக் குறியீடு 2019இல் கிடைத்தது. கண்டாங்கியைச் செட்டிநாட்டு வீடுகளோடு மட்டும் சேர்த்துப் பேசுவது இப்போதைய வழக்கம். கட்டம் போட்ட உடலும், அகலக் கரையும், உள்பாவாடை இல்லாமலே கட்டத் தோதான தடிமனும் உள்ள அந்தச் சேலை, உழைக்கிற பெண்களுக்காகவே அமைந்ததுபோல் இருக்கும். கடுகு மஞ்சளும் அரக்கும் கறுப்பும் கலந்த அந்த நிறங்களில் புழுதி தெரியாது. வெள்ளையைவிட அடர்நிறத்தைக் கரிசல் பெண்கள் விரும்பியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் இந்த மண் காலோடு ஒட்டும், வெயில் காலத்தில் துணியோடு ஒட்டும்.

தெற்கே இறங்கினால் நிலமும் மாறும், உடையும் மாறும். தாமிரபரணிக் கரையில் வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலை. செடியும் பூவுமாகத் தறியிலேயே போடுகிற சௌராஷ்டிரர் நெசவு, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆற்றுப் பாசன வீடுகளின் சேலை அது. கரிசலுக்குக் கல்யாணம் காட்சிக்குத்தான் எட்டிப் பார்க்கும். காயல்பட்டினத்திலும் மேலப்பாளையத்திலும் இஸ்லாமியப் பெண்கள் வெளியே போகும்போது போர்த்திய வெள்ளைத் துப்பட்டி இன்னொரு வட்டார அடையாளம். அதன் இடத்தை இப்போது கறுப்புப் புர்கா பிடித்துவிட்டது. இன்னும் தெற்கே செம்மணல் தேரிக்காட்டில், இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்குப் பின்னல் சரிகை வேலை கற்றுக்கொடுத்தார். அந்தச் சரிகை இங்கிலாந்துச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது. பின்னிய கைகளுக்குக் கூலி மட்டும். ஆண்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் உடுத்துவது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாரம். மதுரை தாண்டினால் அதுவே கைலி, லுங்கி.

இனி, கட்டு. சேலையின் கொசுவத்தை முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துச் செருகும் பின்கொசுவம் தமிழ்நாட்டின் பல பக்கங்களிலும் இருந்தது. கரிசலில் அது வேலைக்கட்டு. ஆறு கெஜம், அதாவது பன்னிரண்டு முழம், இந்தக் கட்டுக்குப் பற்றாது. பதினாறு முழம் வேண்டும். அவ்வளவு நீளம் எதற்கு என்று தோன்றும். களை எடுக்கக் குனிகிற பெண்ணுக்கு முன்பக்கம் மடிப்புத் தொங்கக் கூடாது. பின்பக்கம் இரண்டு மடிப்பாவது கூடுதலாக மறைப்பு வேண்டும். வாகாகக் கால் எடுத்து வைக்க வேண்டும். வண்டிப் பைதாவில் மிதித்து ஏற வேண்டும். இத்தனைக்கும் ஒரே துணி. ஊசி கிடையாது, பொத்தான் கிடையாது, ஊக்கு கிடையாது.

பருத்தி எடுக்கிற காலத்தில் இதே சேலை இன்னொரு உருவம் கொள்ளும். முந்தியை இழுத்து இடுப்பில் முடிந்து முன்னால் ஒரு பை மாதிரி மடி கட்டிக்கொள்வார்கள். வெடித்த காயிலிருந்து உருவிய பஞ்சு மடிக்குள் போகும். மடி நிறைந்ததும் பொழியில் விரித்த சாக்கில் கொட்டிவிட்டு அடுத்த நிறைக்குத் திரும்புவார்கள். மாலையில் குவியலைப் பங்கு பிரித்து, கூலியாக ஒரு பங்கு பருத்தியே கிடைக்கும். அந்தப் பருத்தியைக் கடையில் போட்டுப் பண்டம் வாங்குவது உண்டு. சேலை இங்கே வேலைக் கருவி. அரிவாளுக்கும் களைச்செத்தைக்கும் பக்கத்தில் வைக்க வேண்டிய பொருள். நம் உடை வரலாறுகளில் நெசவும் சாயமும் கரையும் பேசப்படுகிற அளவுக்கு இந்த மடி பேசப்படுவதில்லை. அது நியாயமில்லை.

ஆண்களுக்குக் கணக்கு இன்னும் சுருக்கம். வேலைக்குக் கோவணம், தலையில் துண்டு. உழவுக்கும் கமலைக்கும் போகையில் நாலு முழ வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவது. ஊருக்குப் போக, சபைக்குப் போக எட்டு முழம். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டால் முதுகுவரை மறைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அரைஞாண் கயிறு; வசதியுள்ள வீட்டுப் பெண்குழந்தைக்கு வெள்ளி அரைமூடி. கொஞ்சம் வளர்ந்தால் சீட்டித் துணியில் பாவாடை.

ருமேனியர்களின் உடையில் பாதி ஆட்டிலிருந்து வருவது. கம்பளி நூலும் தோல் மேலங்கியும் இல்லாமல் கார்ப்பாத்திய மலைக் குளிரைக் கடக்க முடியாது. கரிசலிலும் ஆடு உண்டு. வேம்பூர் ஆடு இந்த மண்ணின் பெயரையே தாங்கிய இனம். அதன் உடம்பில் இருப்பது முடி, கம்பளி அல்ல. இறைச்சிக்கும் கிடை எருவுக்கும் ஆகும், போர்த்திக்கொள்ள ஆகாது. மார்கழிப் பனிக்கும் இங்கே பருத்தித் துப்பட்டிதான்.

காதுகளைச் சொல்லாமல் கரிசல் பெண்ணின் உடையைச் சொல்லி முடிக்க முடியாது. குழந்தையாக இருக்கும்போதே காதைக் குத்தி, துளையில் பஞ்சுத் திரியைச் செருகி, வாரத்துக்கு வாரம் திரியின் கனத்தைக் கூட்டி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டிக் காதை வளர்ப்பார்கள். தோள்வரை தொங்குகிற காதில் பாம்படம் ஆடும். மேல்காதில் முடிச்சும் மேலீடும். பாம்படம் உருண்டையும் சதுரமும் தகடுமாக அடுக்கிய பொன் வேலை. உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும். பொதுவாகத் திருநெல்வேலிப் பக்கம் பாம்படம், மதுரைப் பக்கம் தண்டட்டி என்று பிரிக்கலாம். கரிசல் இரண்டுக்கும் நடுவில் கிடப்பதால் இரண்டும் உண்டு. பஞ்ச காலத்தில் அடகுக் கடைக்குப் போகும் முதல் சொத்தும் இதுதான். மழை பெய்தால் திரும்பி வரும் சொத்தும் இதுதான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்த காது நாகரிகக் குறைவு என்றாகிவிட்டது. தொங்கின காதை அறுத்துத் தைத்து, கம்மல் போட்டுக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மண்ணும் வேலையும் வெயிலும் சேர்ந்து உடையை இயல்பாக உருவாக்கிவிட்டன என்பதுபோல் ஒரு படம் கிடைக்கிறது. நாட்டுப்புற உடை பற்றி எழுதப்படுகிற நூல்களில் உலகம் முழுக்க இந்தப் படம் உண்டு. ருமேனிய நூல்களிலும் உண்டு. கரிசலில் அந்தப் படம் பாதிதான் உண்மை. மீதியைத் தீர்மானித்தது யார் எதை உடுத்தலாம், யார் உடுத்தக் கூடாது என்கிற சாதிக் கட்டளை.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதி அமைப்பைப் பற்றி எழுதிய நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். எட்டில் பாதிக்கு மேல் உடுப்பும் அணிகலனும்தான். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறவும் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. அப்போதைய இராமநாதபுரம் மாவட்டம் என்பது சாத்தூரையும் அருப்புக்கோட்டையையும் உள்ளடக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு முந்தைய நூற்றாண்டில் தெற்குத் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைக் கலகத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1822இல் வெடித்து, விட்டுவிட்டுத் தொடர்ந்து, 1859இல் மகாராஜாவின் பிரகடனத்தோடு ஓரளவு அடங்கியது அது. மார்பை மறைக்கும் ஒரு துணிக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அது எல்லைக்கு அப்பால், மன்னராட்சியில் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க 1930இன் பட்டியல் இடம் தரவில்லை.

தடை எழுதப்படாத இடங்களில் நடைமுறை இருந்தது. மேல்சாதித் தெருவுக்குள் நுழையும்போது தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவது அல்லது இடுப்பில் கட்டுவது. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது. எட்டு முழம் இருந்தாலும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவது. கட்டு அடையாளமாக இருந்த நாட்டில், கட்டை மாற்றுவதே கலகமாகவும் இருந்தது. சட்டை போட்டதற்காக, துண்டை இறக்காததற்காக அடி வாங்கியவர்களின் கதைகள் இந்த வட்டாரத்து வயதானவர்களிடம் இன்னும் இருக்கின்றன. நாட்டுப்புற உடையைக் கண்காட்சியில் வைக்க நினைப்பவர்கள் இந்தக் கதைகளையும் சேர்த்து வைக்கத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஜவுளிக்கடை அலங்காரம்தான்.

உடுத்தியவர்களைப் பற்றிப் பேசுகிறோம், வெளுத்தவர்கள்? அத்தனை சாதியின் அத்தனை துணியையும் கையால் தொட்டு அறிந்தவர்கள் வண்ணார் மக்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி, 2012இல் வெளிவந்த 'அஞ்ஞாடி' நாவலில் ஒரு வண்ணார் குடும்பத்தின் வாழ்க்கையையும் சேர்த்துப் பல தலைமுறைக் கரிசல் வரலாற்றைச் சொன்னார். 2014இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. உவர்மண்ணைச் சுரண்டி எடுப்பது, துணியை அதில் முக்கி வெள்ளாவி வைப்பது, கழுதைமேல் பொதியேற்றித் தண்ணீர் கிடக்கும் கண்மாயைத் தேடிப் போவது என்று அது தனி உலகம். எந்த வீட்டுத் துணி எது என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் குறி போடுவார்கள். கறுத்து நிற்கும் அந்தக் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. பெரியமனுஷியான பெண்ணுக்கு உடுத்த மாற்றுச்சேலை வண்ணார் வீட்டிலிருந்துதான் வரும். சாமி வருகிற பாதையில் விரிக்கிற நடைமாத்தும் அவர்கள் பொறுப்பு. இவ்வளவையும் செய்தவர்களுக்கு நல்ல துணி உடுத்த ஊர் அனுமதித்ததா என்பதை நாவலே சொல்லும்.

அரசியலும் இந்த மண்ணில் துணியில்தான் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, சட்டையையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவுத் துண்டுக்கு மாறினார். தமிழ்நாட்டுச் சம்சாரியின் உடையை அவர் எடுத்துக்கொண்டார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சம்சாரிக்கு அது தேர்வல்ல, வேறு வழியில்லாமல் வந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். இடைசெவலின் இன்னொரு பிள்ளையான கி. ராஜநாராயணன் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டவர். 'வேட்டி' என்றே ஒரு கதை எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற ஒருவர், விடுதலைக்குப் பிறகு கிழிந்த ஒற்றை வேட்டியோடு படுகிற பாடு அது. எட்டயபுரத்துப் பாரதி எதிர்த்திசையில் போனார். கறுப்புக் கோட்டு, வடநாட்டுப் பாணித் தலைப்பாகை. விருதுநகர்க் காமராஜர் முழங்கை தாண்டும் வெள்ளைக் கதர்ச் சட்டையையும் வேட்டியையும் கடைசிவரை மாற்றவில்லை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கரிசலின் ஆண் உடையைப் பற்றிப் பேச ஒரு தனிச் சொற்பொழிவே வேண்டும்.

ருமேனியாவிலும் அரசியல் உண்டு. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்து ருமேனிய அரச வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எலிசபெத், மேரி என்ற இரண்டு ராணிகள் உழவர் வீட்டுப் பூவேலைச் சட்டையை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். குடியானவர் உடை தேசிய உடையானது. தமிழ்நாட்டில் அப்படி அரண்மனை ஏறியது பட்டுதான். பதினாறு முழ நூல்சேலை ஏறவில்லை.

அது எங்கே போனது? முதலில் ரவிக்கை வந்தது, பிறகு உள்பாவாடை. இரண்டும் வந்தபின் பின்கொசுவத்துக்கு வேலை குறைந்தது. ஆறு கெஜச் சேலையை முன்கொசுவம் வைத்துக் கட்டப் பள்ளிக்கூட டீச்சர்களையும் சினிமாவையும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நைலக்ஸும் பாலியெஸ்டரும் வந்தன. வெளுக்க வேண்டாம், சுருங்காது, கிழியாது, விலையும் குறைவு. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில், அலசிப் போட்ட அரை மணியில் காய்கிற சேலையை வரவேற்ற பெண்களைக் கைத்தறி ஆர்வலர்கள் கடிந்துகொள்வதில் அர்த்தமில்லை. 1983இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டம் வருஷத்துக்கு ஓர் உருப்படியை ஏழை வீட்டுக்கு உறுதி செய்தது. தாயம்மாளின் கணக்கில் அது சின்ன விஷயமில்லை.

இன்று கோவில்பட்டித் தெருவில் காலை ஏழு மணிக்கு நடந்தால் தெரிகிற பெண் உடை நைட்டி. தோளில் ஒரு துண்டு. வயல்வெளியிலும் நூறு நாள் வேலைத்தளத்திலும் தெரிவது இன்னும் சுவையானது. சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. முள்ளும் வெயிலும் கையில் படாது. ஓர் ஆள் விடாமல் பார்த்தால், ஒருகாலத்தில் சட்டை மறுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். யாரும் வடிவமைக்காத, யாரும் பெயர் வைக்காத வட்டார உடை இது. கரிசலின் இன்றைய உடை என்று எதையாவது படம் பிடிக்க வேண்டுமானால் இதைப் பிடிக்கலாம்.

சிவகாசிப் பக்கம் இன்னொரு திருப்பம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபின், இந்த வறண்ட பூமி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மாறியது. பட்டாசு ஆலையில் செயற்கை இழைத் துணி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். ஒரு பொறி போதும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. வீட்டில் பாலியெஸ்டர், வேலைக்கு நூல்சேலை. சுற்றியிருக்கிற காடுகளிலோ பருத்தி குறைந்து மக்காச்சோளம் நிற்கிறது. கருங்கண்ணி அங்கங்கே சில சம்சாரிகளிடமும் விதை காப்பவர்களிடமும் தங்கியிருக்கிறது.

செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தி 1936இலேயே கிராம அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். இங்கே அந்த அளவுக்குப் பணமும் இடமும் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்கொசுவம் கட்டத் தெரிந்த பாட்டிகள் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள். எந்தக் கையில் முந்தியைப் பிடிப்பது, எத்தனை சுற்று, எங்கே முடிச்சு, மடி எப்படிக் கட்டுவது என்று அவர்கள் கட்டிக் காட்ட, கல்லூரி மாணவிகள் கைப்பேசியில் படம்பிடித்து அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் கட்டு எப்படி மாறியது, யாருக்கு எது மறுக்கப்பட்டது என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்கத் தெரிந்த துறையே இருக்கிறது. முறை தெரியவில்லை என்றால் கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் போய்க் கேட்டு வரலாம். அருப்புக்கோட்டையில் பதினாறு முழத்துக்குப் பாவு ஓட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் கரையின் அகலமும் நூலின் நம்பரும் நிறங்களின் உள்ளூர்ப் பெயர்களும் கேட்டு எழுதுவதை வருகிற கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.